வரம்பில் பாம்பு கடித்தால்

இரணைமடுக் குளத்தின் கீழ் காலபோக நெல் விளைந்து நிற்கும் நாட்களில், வரம்பில் கால் வைக்கப் பயமாக இருப்பது புடையனை நினைத்துத்தான். கடிபட்டவரின் உயிர் அப்போது பக்கத்தில் நிற்பவரின் கையில்.

முதலில் அவரை நடக்க விடாதீர்கள். அந்த இடத்திலேயே இருத்துங்கள். மோதிரம், காப்பு, கொலுசை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற வராது. நேரான தடியொன்றைக் காலோடு வைத்து, பழைய சாரத்தைக் கிழித்துத் தளர்வாகச் சுற்றுங்கள். கால் அசையாமல் இருந்தால் போதும். கயிற்றால் இறுக்குவது, பிளேட்டால் கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை பூசுவது ஒன்றும் வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1990ஐ அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. வர நேரமெடுக்கும் உட்கிராமம் என்றால் மோட்டார் சைக்கிளில் அவரை நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

வைத்தியசாலையில் இரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். "சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். புடையன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது. விஷமுறிவு மருந்து ஏற்றுவதா என்பதை முடிவெடுக்க அது பெரிதும் உதவும்.

நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியன் வேறு. இரவில் கடிக்கும், பலருக்கு வலியே தெரியாது. விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்பியவரின் இமை சரிந்தால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காமல் ஏற்றிக்கொண்டு போங்கள். நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் சுற்றிவரச் செருகிவிட்டுப் படுங்கள்.