ஈரத்தில் எண்ணெய் இறங்காது

நெல்லியடிப் பக்கம் செக்குக்கு எள்ளுக் கொண்டுபோகிறவர் அதை முதலில் நல்லாய்க் காயவைப்பார். செக்கு விட்ட பிண்ணாக்கிலும் எண்ணெய் மிஞ்சும். பெரிய ஆலைகளில் ஹெக்சேன் என்ற திரவத்தை ஊற்றி அதையும் கரைத்தெடுக்கிறார்கள். ஹெக்சேன் தண்ணீரோடு சேராது. பொருள் ஈரமாக இருந்தால் தண்ணீர் வழிமறித்து நிற்கும், எண்ணெய் உள்ளேயே கிடக்கும். பச்சைத் தேங்காயில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர்தானே! கொப்பறாவில் 6 வீதமளவுதான்.

கறுவா இலைக்கு ஈரம் தடையில்லை. நீராவியோடு எண்ணெய் ஏறிவந்து, குளிர்ந்ததும் தனியாகப் பிரியும்.

வேப்பங்கொட்டையைப் பெற்றோலில் ஊறவைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். ஹெக்சேனும் பெற்றோல் சாதிதான். 69 பாகையிலேயே கொதிக்கும். ஆவி காற்றைவிடப் பாரம். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும்.