கல்கத்தாக் கோப்பை

கையிலுள்ள பொருள் என்றேனும் ஒருநாள் நம்மை விட்டு நீங்கியே தீரும். நீங்கும் பொருளை எவ்வழியில் நீங்கச் செய்கிறோம் என்பதிலேதான் நம் பெருமையும் சிறுமையும் விளங்கும். இவ்வுண்மையை ஆட்டக்களத்திலும் காணலாம்.

அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும் நாள்களில், நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் சடுகுடு ஆட்டம் களைகட்டும். யான் சிறுவனாய் இருந்தபோது, உத்தமபாளையத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இளைஞர் பதின்மர் கூடி ஓர் ஆட்டக்குழு அமைத்தனர். திங்கள்தோறும் ஆளுக்கு ஒரு ரூபாய் சேர்த்தனர். மூன்று ஆண்டுகள் சென்றன. சிலர் பிழைப்பை நாடி வெளியூர் சென்றனர். சிலர் குடும்பப் பொறுப்பில் அமிழ்ந்தனர். குழு கலைந்தது. எஞ்சிய பணத்தைப் பங்கிடுவதில் பூசல் மூண்டது. பணம் பிரிந்தது, நட்பும் உடன் பிரிந்தது. இன்று அக்குழுவின் பெயரைச் சொல்வார் அவ்வூரில் எவரும் இலர்.

இத்தகைய நிலை, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நாட்டுப் பெருநகராகிய கல்கத்தாவில் ஒரு பந்தாட்டக் கழகத்துக்கும் நேர்ந்தது. அக்கழகத்தார் செய்தது யாது என்பதைக் காண்போம்.

அவர்கள் ஆடியது ரக்பி என்னும் ஆட்டம். இங்கிலாந்தில் ரக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளியின் பெயரால் அஃது அவ்வாறு வழங்குகிறது. அதன் பந்து முட்டை வடிவினது. அதனைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தியும் ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழனுக்கே தருதல் வேண்டும். பந்தை ஏந்தி ஓடுபவனை எதிரணியார் பற்றி வீழ்த்துவர். பிடிப்பாரும் பிடிக்கு அகப்படாமல் மீள்வாருமாக ஆடப்படுவதால், அது நம் சடுகுடுவுக்குத் தொலைவிலுள்ள உறவு எனலாம். இக்காலத்தில் அணிக்குப் பதினைவர் ஆடுவர். அக்காலத்தில் இருபதின்மர் ஆடினர்.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் இருபதின்மர் ஓர் அணியாகவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டார் இருபதின்மர் மற்றோர் அணியாகவும் நின்று ரக்பி ஆடினர். அந்த ஆட்டத்தின் இன்பம் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. மறு ஆண்டு சனவரித் திங்களில் கல்கத்தாப் பந்தாட்டக் கழகம் தோன்றியது. ஆனால் குளிர்நாட்டு ஆட்டத்துக்கு வங்கத்தின் வெப்பம் பொருந்தவில்லை. ஆட்டத்தில் ஈடுபட்டிருந்த படைப்பிரிவு வேற்றூர் சென்றது. டென்னிசும் போலோவும் பலரை ஈர்த்தன. உறுப்பினர் தொகை குறைந்தது; கழகத்தைக் கலைக்க வேண்டிய நிலை வந்தது.

எனினும் வங்கியில் கழகத்தின் பணம் இருந்தது. கழகச் செயலாளர் ராத்னி என்பார், அப்பணத்தைக் கொண்டு ஒரு கோப்பை செய்து, இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியத்துக்கு அளிக்கலாம் எனக் கருத்துரைத்தார். ஏனையோரும் இசைந்தனர். வங்கியிலிருந்து வெள்ளி ரூபாய்களாகவே பணம் எடுக்கப்பட்டது. அந்நாணயங்கள் உருக்கப்பட்டன, நம் நாட்டுக் கம்மியரின் கைத்திறனால் அழகிய கோப்பையாயின. ஏறத்தாழ 18 அங்குல உயரமுடைய அக்கோப்பைக்கு மூன்று கைப்பிடிகள். மூன்றும் படமெடுத்த நாகத்தின் வடிவின. குவிந்த மூடியின்மேல் அம்பாரி சுமந்த யானை ஒன்று நிற்கிறது. 1878ஆம் ஆண்டில் இக்கோப்பை ஒன்றியத்துக்கு அளிக்கப்பட்டது. நாணயமாய் இருந்தபோது கடைதோறும் சிதறிப் போகக்கூடிய வெள்ளி, கோப்பையான பின் சிதறாத செல்வமாயிற்று.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இக்கோப்பைக்காக முதன்முதலில் மோதியது 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், எடின்பரோ நகரில். அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. மறு ஆண்டு மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்றது. 1883இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் ஆகிய நான்கு நாடுகளின் ஆண்டுப்போட்டி தொடங்கிற்று. 1910இல் பிரான்சும், 2000இல் இத்தாலியும் சேர, அஃது ஆறு நாடுகள் போட்டி எனப் பெயர் பெற்றது. ஒவ்வொரு நாடும் ஏனைய ஐந்தையும் ஒருமுறை எதிர்க்கும். ஆகவே மொத்தம் 15 ஆட்டங்கள். அவற்றுள் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பொருதும் ஆட்டமே கல்கத்தாக் கோப்பைக்கு உரியது. பெரும்போட்டியினும் அதனுள் அடங்கிய கோப்பை நான்காண்டு மூத்தது என்பது வியப்பன்றோ?

ஈந்தவர் கடமை ஈகையோடு முடியும். பெற்றவர் கடமை பேணுதலில் தொடங்கும். 1988ஆம் ஆண்டில் இக்கடமை ஓர் இரவு மறக்கப்பட்டது. ஆட்டம் முடிந்தபின், குடிமயக்கில் இருந்த வீரர் சிலர் எடின்பரோத் தெருவில் அக்கோப்பையையே பந்தாக்கி விளையாடினர், கோப்பை நசுங்கிற்று. அவ்வீரர்கள் தண்டனை பெற்றனர். கோப்பை பின்னர்ச் செப்பனிடப்பட்டது. களத்தில் வீரராய் விளங்குதல் மட்டும் போதாது. களத்துக்கு வெளியிலும் தம்மை அடக்கியாள்வோரே மெய்யான வீரர் என்பதற்கு இது சான்றாகும்.

மாணவர்களே! மேற்கே பாய்ந்து கடலிற் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, 1895ஆம் ஆண்டில் அணையும் சுரங்கமும் நம் பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பின. இன்று நம் வயல்கள் இரண்டு போகம் விளைவது அதனாலன்றோ? வீணே போகக்கூடியதைப் பயன்படும் வழியில் திருப்புதலே அறிவு. கல்கத்தாக் கழகத்தார் தம் பணத்தைத் திருப்பினர். நம் ஊர் இளைஞர் அதனைப் பிரித்தனர். நீங்களும் நாளை குழுக்கள் அமைப்பீர்கள். அவற்றுள் சில கலையவும் கூடும். அந்நாளில் கையில் எஞ்சியிருப்பது சிறு தொகையேயாயினும், பின்வரும் தம்பியர்க்கு ஒரு பந்தோ ஒரு கேடயமோ ஆகட்டும். உங்கள் ஆட்டம் முடிந்தாலும் உங்கள் நட்பு அதில் நின்று வாழும்.