அளவறிந்த அணிகள்

கணினிக்குச் செய்நிரல் எழுதக் கற்பவர் முதல் மாதத்திலேயே அணி என்பதனைச் சந்திக்கின்றார். ஒரே இனத்துப் பொருள்கள் பல நினைவகத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்து அமைந்திருப்பது அணி. (தமிழ்நாட்டுக் கணித நூல்கள், நாம் தாயம் என்பதனை அணி என வழங்கும். ஈண்டு அப்பொருள் கொள்ளற்க.) பதினாறு பைற்றுகள் கொண்ட அணி நினைவகத்திற் பதினாறு பைற்றுகளையே பிடிக்கும். தன் நீளம் இவ்வளவு என்று குறித்து வைக்க ஓர் இடமும் அதனுள் இல்லை. அங்ஙனமாயின், அது பதினாறு உறுப்புடையது என்னும் அறிவு எங்கே இருக்கின்றது? இவ்வினா சிறிது. ஆயினும் இதற்கு விடை காண்பதில் மொழியமைப்போர் ஐம்பது ஆண்டுகள் செலவிட்டனர். விடை பிழைத்தவிடத்துக் கேடுகளும் விளைந்தன.

நாம் எழுதுவதனைப் பொறிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது தொகுப்பி. மாற்றுவதற்கு முன் அது ஒவ்வொரு பொருளும் எவ்வகையினது என ஆராய்கின்றது: இஃது எண், இஃது எழுத்துத் தொடர், இஃது எண்களின் அணி என்றவாறு. எழுத்துத் தொடரை எண்ணாற் பெருக்க முயன்றால், செய்நிரல் ஓடத் தொடங்குமுன்னரே தடுத்துவிடும். அணியின் அளவும் அவ்வாராய்ச்சிக்கு உட்பட்டதா, அன்றா என்பதே வழக்கு.

நம் மாணாக்கர் பலர் சாதாரண தர வகுப்பிற் கற்ற பாஸ்கல், உட்பட்டதே எனத் தீர்ப்பளித்தது. சூறிச் நகரத்துப் பேராசிரியர் நிக்கிளவுஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட அம்மொழியில், பத்து எண்களின் அணி ஒரு வகை. இருபது எண்களின் அணி முற்றிலும் வேறொரு வகை. ஆதலின் பத்து எண்களை ஏறுவரிசைப்படுத்த எழுதிய சார்பு இருபது எண்களை ஏற்றுக்கொள்ளாது. ஏற்காமை ஒருவகையிற் காவலே. எனினும் வரிசைப்படுத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றன்றோ? எத்தனை அளவுகள் உண்டோ அத்தனை முறை அதே சார்பை எழுதுவதா? அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரையன் கேர்னிகன், பாஸ்கல் தமக்கு ஏன் உவப்பான மொழியன்று என்று 1981 இல் ஒரு கட்டுரை வரைந்தார். அவர் காட்டிய குறைகளுள் இதுவே தலையாயது. பின்னர் 1983 இல் வந்த அனைத்துலக நியமம், எவ்வளவினதாகிய அணியையும் ஏற்கும் சார்புகளுக்கு வழிசெய்தது. ஆனால் நியமத்தின் இரு படிகளுள் மேற்படிக்கு மட்டுமே அதனை விதித்தது. கீழ்ப்படியோடு அமைந்த தொகுப்பிகளுக்கு அக்கடப்பாடு இல்லை.

அதே பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சி மொழி மறுபுறம் சாய்ந்தது. அங்கே அணியை ஒரு சார்புக்கு அனுப்பினால் உண்மையிற் செல்வது அதன் முதலுறுப்பின் முகவரி மாத்திரமே. அளவை எழுதுபவர் தாமே தனியாக அனுப்பவேண்டும். அனுப்ப மறந்தாலும், பிழைபட அனுப்பினாலும் கேட்பாரில்லை. இதனால் எவ்வளவினதாகிய அணிக்கும் ஒரே சார்பு போதியதாயிற்று. அதற்குக் கொடுத்த விலை 1988 நவம்பர் 2 ஆந் திகதி வெளிப்பட்டது.

அன்றிரவு மொறிஸ் புழு எனப் பெயர்பெற்ற செய்நிரல் இணையத்திற் பரவிற்று. அது கணினிகளுட் புகுந்த வழிகளுள் ஒன்றினை மாணாக்கர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஒருவர் கணினியில் உளரா என வினவுவோர்க்கு விடையிறுக்கும் பணி ஒன்று அக்காலத்து இயங்கியது. வரும் வினாவைத் தாங்க அதனுள் 512 பைற்று அணியொன்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் வினாவைப் படித்துத் தரும் நூலகச் சார்புக்கு முகவரி மட்டுமே தெரியும். 512 என்பது தெரியாது. புழு 536 பைற்றுகளை அனுப்பியது. எஞ்சிய 24 பைற்றுகள் அணியின் எல்லை கடந்து, சார்பு முடிந்ததும் திரும்பிச் செல்லவேண்டிய இடத்தின் முகவரியை அழித்துப் புதியது எழுதின. வாக்ஸ் இனக் கணினிகள் புழுவின் கட்டளைகளைத் தம் கட்டளைகளாகவே கொண்டு நிறைவேற்றின. 512 என்னும் எண் செய்நிரலில் எழுதப்பட்டே இருந்தது. தொகுப்பியும் அதனைக் கண்டிருந்தது. சார்பின் வாயிலில் அது கைநழுவியதே குற்றம். அந்த நூலகச் சார்பு சி மொழியின் நியமத்திலிருந்து நீக்கப்பட்டது 2011 இலேதான்! இருபத்து மூன்று ஆண்டுத் தாமதத்திற்கு எச்சமாதானமும் எனக்குப் போதியதாகத் தோன்றவில்லை.

அளவை வகையினுள் வைத்தால் சார்பு குறுகுகின்றது; வெளியே எறிந்தால் காவல் போகின்றது. இவ்விடுக்கணை நீக்கும் வழி நாம் எட்டாம் வகுப்பு அட்சரகணிதத்திற் கற்றதே. குறித்த எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை இடுவோம். பத்துறுப்பு அணி, இருபதுறுப்பு அணி என்னாது, ந உறுப்பு அணி என்போம். ந எதுவாயினும் பொருந்துமாறு சார்பை ஒருமுறை எழுதுவோம். சார்பை அழைக்குமிடத்தில் ந இன் பெறுமானத்தைத் தொகுப்பியே கண்டுகொள்ளும். அளவு வகையினுள் இருக்கும். சார்போ எல்லா அளவுக்கும் பொதுவாகும்.

இதன் முழுப்பயன் தாயப்பெருக்கத்தில் விளங்கும். ம நிரைகளும் க நிரல்களும் உடைய தாயத்தை, க நிரைகளும் ந நிரல்களும் உடைய தாயத்தாற் பெருக்கினால் ம × ந தாயம் வரும். க என்ற ஒரே எழுத்து ஈரிடத்தும் நிற்பதனால், 2 × 3 தாயத்தை 4 × 3 தாயத்தாற் பெருக்குமாறு எழுதினாற் செய்நிரல் தொகுப்பியைத் தாண்டாது. கணித ஆசிரியர் சிவப்பு மையாற் கோடிடும் வேலையை அது செய்கின்றது.

சி பிளஸ் பிளஸ் மொழி இவ்வழியை முன்னரே அறிந்திருந்தது. அதன் 2011 ஆம் ஆண்டு நியமத்தில் அளவறிந்த அணி நூலகத்திலும் இடம்பெற்றது. 2015 மே 15 இல் முதற்பதிப்பு வெளிவந்த றஸ்ற் மொழியின் கதை சுவையானது. அதில் அளவு வகையின் கூறே. ஆனால் அளவுக்கு எழுத்திட வசதியில்லை. நூலகம் எழுதியோர் பூச்சியம் முதல் 32 வரை ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்து அமைந்தனர். ‘ஷா 512’ என்னும் முறை தரும் சுருக்கம் 64 பைற்றுகள் கொண்டது. அத்தகைய இரண்டு அணிகள் சமமா என்று நேரே கேட்க அம்மொழியில் இயலாதிருந்தது, சுற்றுவழி நாடவேண்டியிருந்தது.

சிலர் அதற்குள் வேறொரு வித்தை கண்டனர். எண்ணை எழுத முடியாதெனில் எண்ணையே வகையாகச் செய்வோம் என்றனர். ஐந்து என்பது இரும எண்முறையில் 101 அன்றோ? வெறுமை என்று ஒரு வகை. அதனை 1 என்னும் வகையோடு இணைத்தது ஒன்று. அதனை 0 என்பதோடு இணைத்தது இரண்டு. மீண்டும் 1 என்பதோடு இணைத்தது ஐந்து. கூட்டலும் பெருக்கலும்கூட வகைகளுக்கிடையே விதிகளாயின. நுட்பம் வியக்கத்தக்கது. ஆயினும் சிறு பிழை விட்டாற் பக்கக்கணக்கில் வரும் தொகுப்பியின் முறைப்பாட்டைப் படித்துப் பொருள் கொள்வது தவம். 2020 ஒக்டோபரில் நூலகத்தின் 32 என்னும் வரம்பு பெரும்பாலும் அகன்றது; 2021 மார்ச் 25 இல் வந்த 1.51 ஆம் பதிப்பு எல்லோருக்கும் எழுத்திடும் உரிமையை வழங்கியது.

குறைகளும் உள. தொகுப்பி ஒவ்வோர் அளவுக்கும் சார்பின் தனிப்படி ஒன்று ஆக்குகின்றது. ஏழு அளவுகளில் அழைத்தால் ஏழு படிகள். பாடசாலைகளிற் காணும் ஆர்டுயினோ ஊனோ பலகையிற் கட்டளைகளுக்கு 32 கிலோபைற்றும், தரவுகளுக்கு 2 கிலோபைற்றுமே உண்டு. அங்கே அளவறிந்த அணியே தக்கது. படிகளின் பெருக்கமோ தாங்காது. ஆதலின் பொதுச்சார்பை மெல்லிய உறையாக வைத்து, உள்ளே முகவரியையும் நீளத்தையும் இணைபிரியாது ஏற்கும் ஒரே சார்பை அழைப்பர். அணியில் எத்தனையாம் உறுப்பு வேண்டும் என்பது ஓடும்போது முடிவாகுமாயின், அவ்வெல்லையை ஓடும்போதே சோதித்தல் வேண்டும்; வகை அதற்கு உதவாது.

மேலும், ந உறுப்பு அணியோடு ஒன்று சேர்த்து ந + 1 உறுப்பு அணி தரும் சார்பை றஸ்ற் மொழியின் நிலைபெற்ற பதிப்புகளில் நேரே எழுத இயலாது. ந + ம என்பதும் ம + ந என்பதும் ஒன்றே எனத் தொகுப்பி எவ்வாறு அறியும்? ந − 1 என எழுதியவிடத்து ந பூச்சியமாயின் யாது செய்யும்? இவை தீர்ந்தபாடில்லை. 32 என்னும் பழைய வரம்பும் ஒரு மூலையில் எஞ்சியுள்ளது. ஓர் அணிக்கு வழமையான தொடக்கப் பெறுமானங்களை இடும் வசதி 32 உறுப்பு வரையே கிட்டும். பூச்சிய உறுப்பு அணிக்கு இடுவதற்கு ஒன்றுமில்லை; ஆதலின் அதன் விதி ஏனையவற்றின் விதியினின்று வேறுபடுகின்றது. அவ்வொரு வெற்று அணியையும் மற்றவற்றையும் ஒரே எழுத்தில் அடக்கும் வழி அமையாமையே அதற்குக் காரணம்.