கேட்பவர் முகத்தை விட்டுவிடாதீர்கள்

அன்புள்ள விஸ்காம் மாணவருக்கு,

கல்யாண மண்டபம் கிடைக்கவில்லை, பைக் துரத்தல் எடுக்க வழியில்லை, ஹாஸ்டல் அறையில் எடுத்ததில் வசனமே கேட்கவில்லை, நண்பர்கள் டேக் நடுவில் சிரித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நகைச்சுவைப் படத்தை நிறுத்திவிட்டு அடுத்த செமஸ்டரில் ஒரு சோகக் கதை எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறீர்கள். வேண்டாம். கையில் காசில்லாததை நகைச்சுவை தாங்குகிற அளவுக்கு வேறெந்த வகைப் படமும் தாங்காது.

1975-இல் வெளிவந்த 'மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்' படத்தைப் பாருங்கள். அரசர் ஆர்தரின் கதை, ஆனால் குதிரைகளுக்குப் பணமில்லை. அதனால் அரசர் குதிரை மேல் இருப்பதுபோலத் துள்ளி வருவார், பின்னால் வேலையாள் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்புவான். அது அந்தப் படத்தின் மிகப் பெரிய சிரிப்பாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் நினைத்திருந்த பல கோட்டைகளுக்கும் அனுமதி கிடைக்காமல் போக, டூன் என்ற ஒரே கோட்டையை வேறு வேறு கோணத்தில் எடுத்துப் பல கோட்டைகளாகக் காட்டினார்கள். இல்லாததை மறைக்காமல் கதைக்குள்ளேயே கொண்டுவந்ததுதான் அவர்கள் செய்தது.

உங்கள் மண்டபத்துக்கும் அதே வழி உண்டு. மணமகன் அறைக்குள் காட்சியை வையுங்கள். யாராவது ஒரு நண்பர் வீட்டுப் படுக்கையறை போதும். கதவுக்கு அந்தப் பக்கம் நாதஸ்வரமும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்கட்டும். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சத்தம் கூடி, மூடும்போது குறையட்டும். மண்டபம் வந்துவிடும். 2012-இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்தில் கல்யாண வரவேற்பே இருக்கிறது. ஆனாலும் நாம் சிரிப்பது அலங்காரத்தைப் பார்த்தல்ல. மாப்பிள்ளைக்கு ஞாபகம் போய்விட்டதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கப் பாடுபடும் நண்பர்களின் முகங்களைப் பார்த்து.

பைக் துரத்தலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வண்டிகள் ஓடுகிற சாலையில், பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து கேமரா பிடிக்கும் ஷாட்டுக்காக உங்களில் ஒருவருக்கும் அடிபடக் கூடாது. துரத்தலில் தப்பி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு அதை இன்னொருவனிடம் சொல்லட்டும். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை மறுபடி பாருங்கள், இந்த முறை பாலையாவை மட்டும். சொல்பவர் பிரமாதம்தான். ஆனால் பயம் ஏறுவது கேட்பவர் முகத்தில். நம் சிரிப்பும் அங்கேதான் பிறக்கிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஓடுகிற அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது ஒரு வீடும் இரண்டு நடிகர்களும்தான். ஆகவே எவ்வளவு நேரம் போனாலும், கேட்பவருடைய குளோசப்பை எடுக்காமல் பேக்கப் சொல்லாதீர்கள்.

அடுத்தது ஒலி. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மங்கலான படத்தைப் பார்த்தும் சிரிப்பார்கள், கேட்காத வசனத்துக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள். நம் சினிமாவுக்கு அது பழகிய வழிதான். ஆனால் அனுபவமில்லாத நடிகர் ஒருவர், எதிரில் ஆளில்லாத அறையில், அன்றைக்கு வந்த அதே டைமிங்கைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். அதனால் ஸ்பாட்டிலேயே பிடியுங்கள். கேமராவில் உள்ள மைக்கை நம்பாமல், இன்னொரு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஃபிரேமுக்கு வெளியே, நடிகருக்கு நெருக்கமாக வையுங்கள். டேக் தொடங்கும்போது ஒருவர் கைதட்டினால், எடிட்டிங்கில் படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவியை வைத்துவிட்டால், திரும்பப் போட மறக்காமல் கிளம்புவீர்கள். நண்பரின் அம்மா அடுத்த முறையும் வீட்டைத் தருவார். கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடிப்பதாகச் சொன்னீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனில் மேனுவல் வசதி இருந்தால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

நண்பர்கள் சிரிப்பதற்குக் கோபப்படாதீர்கள். வசனம் நன்றாக இருப்பதால்தான் சிரிக்கிறார்கள். அது பழகிச் சலிக்கும் வரை கேமரா இல்லாமல் ஒத்திகை பாருங்கள். பிறகு காட்சி முழுவதையும் ஒரே வைட் ஷாட்டில் எடுத்துவிடுங்கள். நடுவில் யாராவது ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாலும் காட்சி கையில் இருக்கும். அதன் பிறகு குளோசப்களுக்குப் போங்கள். நடிப்பவருடைய பார்வை படும் இடத்தில் வேடிக்கை பார்ப்பவர் ஒருவரும் நிற்கக் கூடாது.

அன்றன்றைக்கு எடுத்ததை அன்றிரவே இரண்டு இடங்களில் காப்பி எடுத்துவையுங்கள். எடிட் முடிந்ததும், படப்பிடிப்புப் பக்கமே வராத நாலைந்து பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். அவர்கள் சிரிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு கேட்பவரின் முகத்தை இன்னும் ஓரிரு நொடி நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அரங்கில் எழும் சிரிப்பில் உங்கள் அடுத்த வசனம் அமுங்கிப்போகும்.

அன்புடன்,
உங்கள் படத்துக்காகக் காத்திருக்கும் ஒருவன்