புகைக்கொட்டகையில் ஓவியங்கள்

சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில், செம்பனைக்கு மாறிவிட்ட ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பழைய புகைக்கொட்டகை பூட்டிக் கிடந்தது. அதை ஓவியக்கூடமாக்க நண்பர்கள் நால்வர் இறங்கினோம். முன்னதாகப் பினாங்கு ஹின் பஸ் டிப்போவுக்குப் போயிருந்தோம். 1947இல் கட்டிய பேருந்துப் பணிமனை அது. 2014இல் எர்னஸ்ட் சக்காரேவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமானது. பழைய சுவர்களைப் பழையபடியே விட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகும் நாங்கள் செய்த முதல் வேலை, ஒரு சுவருக்கு வெள்ளையடித்தது.

சில மாதங்களில் பழுப்புக்கறை சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. கித்தாப் பாலில் ஆசிட் கலந்து உறையவைத்து, மெஷினில் உருட்டி, அந்த ஷீட்டுகளை நாள்கணக்கில் விறகுப்புகையில் தொங்கவிட்ட இடம் அது. அந்தப் புகையின் தார் சுவருக்குள் ஊறியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒரு பாட்டி வந்து பார்த்தார். "ஏன் தம்பி, எங்க புகையவா மறைக்கிறீங்க?" என்றார். அன்றே தூரிகையை வைத்துவிட்டோம். என்ஜினியரைக் கூப்பிடுவதற்கு முன்பே பாட்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும்.

ஷீட் காயப்போடும் மூங்கில்கள் எந்தச் சட்டத்தில் நின்றன, எந்த மூலையில் சூடு அதிகம், கூரை எங்கே ஒழுகும் என்று அவர்தான் காட்டினார். சுவரில் ஆணி அடிக்காமல் அந்தச் சட்டங்களிலிருந்தே கம்பியில் படங்களைத் தொங்கவிட்டோம். ஜன்னல் இல்லாத இருட்டு, காகித ஓவியங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஈரம்தான் பகை. உச்சியிலிருந்த புகைபோக்கித் திறப்புகளை அடைக்காமல் கம்பிவலை போட்டோம். காற்றும் ஓடுகிறது, வௌவாலும் வருவதில்லை. நீங்களும் இப்படியொரு கொட்டகையை மாற்றுவதானால், படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

சுவரிலுள்ள கரியைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், இன்னும் உள்ளே இறங்கும். காய்ந்த தூரிகையால் மெல்லத் தட்டினால் போதும். கூரைத் தகடு கல்நாராக இருந்தால் நீங்களே உடைக்கவே கூடாது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், செலவானாலும் அவர்களிடமே விடுங்கள். கூரை வேலையை ஆண்டுத் தொடக்கத்தில், கித்தா மரம் இலை உதிர்க்கும் வறண்ட நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். கெடாவில் அதைவிட நல்ல காலம் கிடையாது.

திறப்பு நாளன்று பாட்டி படங்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்றாவதற்குக் கீழே நின்று, "இது எங்கம்மா வரிசை" என்றார். அந்த இடத்தில் இன்றுவரை நாங்கள் எதையும் தொங்கவிடவில்லை.