லொறி ஏன் ஒரு பக்கம் சரிகிறது?
ஸ்பிரிங் மாற்றியபின் உயரம் பார்த்துச் சரிசெய்தல்

மீளக்குடியேறிய குடும்பங்கள் சில சேர்ந்து பழைய லொறி ஒன்றை வாங்கி ஓடுவதை இப்போது பல கிராமங்களில் காண்கிறோம். நெல், வெங்காயம், பசளை, விறகு, வீடு கட்டும் கல், மணல், சில வேளை ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் முழுவதும் அதில்தான் போகிறது. சுமையின் மேல் ஆட்களும் ஏறியிருப்பார்கள். ஏறக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. பஸ் வராத ஊரில் ஏறுகிறார்கள். ஆகவே அந்த லொறி நேராக நிற்கிறதா, சரிந்து நிற்கிறதா என்பது அழகு பற்றிய கேள்வி அல்ல.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவின் லொறிக்குப் பெரும்போக அறுவடைக்குச் சற்று முன் பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் புதிதாகப் போடப்பட்டன. கராஜிலிருந்து வந்த லொறி இடது பக்கம் சரிந்து நின்றது. ‘இடது பக்கம் ஒரு தகடு கூடப் போட்டால் சரி’ என்றார் மெக்கானிக். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தகட்டுக்குக் காசு கொடுக்கச் சொன்னவனும் நான்தான். அந்தக் காசு வீண். பிழை இருந்தது முன்பக்கத்தில். அதை எப்படிக் கண்டோம் என்பதே இப்பாடத்தின் சாரம்.

முதலில் அளக்க வேண்டும். கண் பார்வை ஏமாற்றும். பெட்டியின் பலகை கோணியிருந்தாலும் லொறி சரிந்ததுபோல் தெரியும். சுமை முழுவதையும் இறக்கிவிட்டு, மட்டமான இடத்தில் லொறியை நிறுத்துங்கள். சீமெந்துத் தரை நல்லது. களத்து மேடோ பாடசாலை முற்றமோ என்றால், மேசன்மார் பாவிக்கும் தெளிவான தண்ணீர்க் குழாயால் நான்கு சில்லுகளும் நிற்கும் இடம் ஒரே மட்டமா என்று பாருங்கள். ரயர்களின் காற்று இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒரு பக்கம் தேய்ந்த ரயரும் மறுபக்கம் புது ரயருமாக இருந்தால் அதையும் கவனத்தில் கொள்ளுங்கள். டீசல் தாங்கி ஒரு பக்கத்திலேயே இருக்கிறது. நூறு லீற்றர் டீசல் எண்பது கிலோவுக்கு மேல் நிறை. அதன் பிறகு லொறியை முன்னும் பின்னுமாகச் சில யார் உருட்டி, பிரேக்கைத் திடீரெனப் பிடிக்காமல் மெல்ல நிறுத்துங்கள். ஜக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்திராது.

எதை அளப்பது? நிலத்திலிருந்து பெட்டி வரை அளப்பவர்கள் ரயரையும் பலகையையும் சேர்த்து அளக்கிறார்கள். ஸ்பிரிங்கை மட்டும் அறிய வேண்டுமானால் அக்சிலின் மேற்புறத்திலிருந்து, அதற்கு நேர் மேலே செசியின் அடிப்புறம் வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். நான்கு சில்லுக்கும் நான்கு அளவு. நான் சொன்ன லொறியில் முன் இடது 17.5 சென்ரிமீற்றர், முன் வலது 21. பின் இடது 22, பின் வலது 24.5. நான்கு அளவையும் ஒரு கடதாசியில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. புது ஸ்பிரிங் பின்னால். கூடிய வித்தியாசமோ முன்னால்!

செசி என்பது ஒரு கட்டில் போன்றது. கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒன்று குட்டையாக இருந்தால் கால்மாடும் சேர்ந்து சரியும். அதுபோல முன் ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தால் பின்பக்கமும் அதே பக்கம் இறங்கி நிற்கும். எந்த முனையில் பிழை என்பதை அறிய எளிய சோதனை உண்டு. பின் சில்லுகளுக்குக் கல் அணை கொடுத்து, முன்பக்கச் செசியின் குறுக்குச் சட்டத்தின் சரி நடுவில் ஜக்கை வைத்து, முன் ரயர்கள் நிலத்தில் இலேசாகத் தொடும் அளவுக்கு உயர்த்துங்கள். இப்போது முன் ஸ்பிரிங்குகள் லொறியை எந்தப் பக்கமும் தள்ளா. பின்பக்கம் தானாக மட்டத்துக்கு வந்தால் பின் ஸ்பிரிங் குற்றமற்றது, பிழை முன்னால். சரிவு அப்படியே இருந்தால் பிழை பின்னால். இச்சோதனையின்போது ஒருவரும் லொறிக்குக் கீழே தலை வைக்கக்கூடாது. ஜக் ஒன்றில் மட்டும் நிற்கும் வாகனம் நிற்கும் வாகனம் அல்ல.

நாங்கள் உயர்த்தினோம். பின்பக்கம் மட்டத்துக்கு வந்துவிட்டது. முன் இடது ஸ்பிரிங்கின் சேற்றைக் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தபோது இரண்டாம் தகடு யூ போல்ட்டுக்கு அருகே முறிந்திருந்தது. முறிவின் உட்புறம் கறள் பிடித்துக் கறுத்திருந்தபடியால் அது பல மாதத்துப் பழைய முறிவு என்பதும் விளங்கிற்று. பின் ஸ்பிரிங் பழையதாய்த் தளர்ந்திருந்த காலத்தில் இந்தச் சரிவு எவருடைய கண்ணிலும் படவில்லை. புதியது வந்தது, பழைய பிழை வெளியே தெரிந்தது.

அப்படியானால் இடது பின்பக்கம் ஒரு தகடு கூடப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெறும் லொறி நேராக நின்றிருக்கும், எல்லாரும் திருப்திப்பட்டிருப்போம். சுமை ஏற்றியதும் கதை மாறும். தகட்டின் விறைப்பு அதன் தடிப்பைவிட மிக வேகமாகக் கூடும். தடிப்பை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். 8 மில்லிமீற்றர் தகட்டுக்கு 8x8x8, அதாவது 512. 10 மில்லிமீற்றர் தகட்டுக்கு 1000. இரண்டு மில்லிமீற்றர் கூடியதற்கு விறைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 8 மில்லிமீற்றர் தகடுகள் ஆறு உள்ள ஸ்பிரிங்கில் 10 மில்லிமீற்றர் தகடு ஒன்றைச் சேர்த்தால் முழு ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஒரே சுமைக்கு வலது பக்கம் 9 சென்ரிமீற்றர் அமிழ, இடது பக்கம் 7 அளவிலேயே நிற்கும். வெறுமையாக நேராக நின்ற லொறி, அறுபது மூடையுடன் வலது பக்கம் சரியும். ஸ்பிரிங்குகளுக்கு இடையே ஒரு மீற்றர் இடைவெளி என்றால், அங்கே உள்ள 2 சென்ரிமீற்றர் மூன்று மீற்றர் உயரத்தில் 6 சென்ரிமீற்றர் ஆகும். வாய்க்கால் கட்டில் ஒரு சில்லு இறங்கும்போது மேலே இருப்பவருக்கு அந்த ஆறு சென்ரிமீற்றர் தெரியும். ஆகவே ஸ்பிரிங் மாற்றுவதென்றால் இடது வலது இரண்டையும் ஒரே தகட்டு எண்ணிக்கையும் ஒரே தடிப்பும் உள்ளதாகச் சேர்த்தே மாற்றுங்கள்.

1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு வாகனத்தின் தகட்டை வெட்டி இன்னொன்றுக்குப் போட்டு ஓடினார்கள். வேறு வழி இருக்கவில்லை. அந்தக் கைவேலைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கும்போதும் அந்தப் பழக்கம் எங்களில் பலரை விடவில்லை. தளர்ந்த தகட்டைக் கொல்லன் உலையில் சிவக்கக் காய்ச்சி அடித்து வளைப்பது அதில் ஒன்று. ஸ்பிரிங் உருக்கு ஒரு குறித்த வெப்பத்தில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டது. உலையில் சிவந்ததும் அந்தப் பதம் போய்விடும். பிறகு தகடு இலகுவில் தளரும், அல்லது முறியும். தகட்டுக்கு வெல்டிங் வைப்பது இதைவிட மோசம்.

எல்லாச் சரிவுக்கும் தகடு காரணமல்ல. சிறிய லொறிகளில் ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் றப்பர் புஷ் இருக்கும். ஸ்பிரிங் மாற்றும்போது லொறி ஜக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டால், லொறி நிலத்துக்கு வந்ததும் றப்பர் முறுகி, ஸ்பிரிங்கை அமிழவிடாமல் பிடிக்கும். அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும். சில மாதத்தில் புஷ்ஷும் கிழியும். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. லொறியைச் சில்லில் நிறுத்திய பிறகு போல்ட்டுகளைத் தளர்த்தி, நாலைந்து பேர் பெட்டியில் ஏறி மேலும் கீழும் ஆட்டி, பின்னர் இறுக்குங்கள். கிறீஸ் போடும் உலோகப் புஷ் உள்ள பெரிய லொறிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே கறள் பிடித்து இறுகிய சக்கிளைத்தான் தேட வேண்டும்.

புது ஸ்பிரிங் முதலில் சற்று உயர்ந்தே நிற்கும் என்பதையும் அறிந்திருங்கள். சுமையுடன் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின்தான் அது தன் நிலைக்கு வரும். அதுவரை இரு பக்கமும் சமமாக உயர்ந்திருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். சொக் அப்சோபரை மாற்றினால் லொறி உயரும் என்று சிலர் நம்புகிறார்கள். சாதாரண எண்ணெய்ச் சொக் ஆட்டத்தை அடக்குமே தவிர, லொறியைத் தாங்காது.

அக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். மரக்கட்டை ஒருபோதும் வேண்டாம். அது நசுங்கி, யூ போல்ட் தளர்ந்து, அக்சில் நழுவும். பிரேக் பிடிக்கும்போது முன் அக்சிலில் வரும் முறுக்கல் பெரிது, எனவே முன்னால் இரும்புக் கட்டையும் கூடாது. நீளமான சக்கிள் போட்டால், நீளத்தில் கூட்டியதன் பாதியளவே லொறி உயரும்; அதோடு ஸ்பிரிங் பக்கவாட்டில் ஆட இடமும் கொடுக்கும்.

உயரம் மாறினால் அதோடு சேர்ந்து மாறுபவை பல. சில்லுகளுக்கிடையே இரண்டரை மீற்றர் உள்ள லொறியின் பின்பக்கத்தை 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் முழு லொறியும் ஏறக்குறைய ஒரு பாகை முன்னால் கவிழும். ஸ்ரியறிங் நேர்கோட்டுக்குத் தானாகத் திரும்புவது குறைந்து, லொறி அலையும். பத்து மீற்றர் தூரத்தில் முன் விளக்கின் ஒளி 20 சென்ரிமீற்றர் கீழே விழும். புறப்பெல்லர் சாப்டின் கோணம் மாறி, வேகம் எடுக்கையில் அதிர்வு கேட்கும். இவற்றைவிட முக்கியமானது பிரேக். சில லொறிகளில் பின் அக்சிலிலிருந்து செசிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது பிரேக் எண்ணெய் செல்லும் வால்வு ஒன்றை இயக்குகிறது. செசி தாழ்ந்தால் சுமை இருக்கிறது என்று பின் பிரேக்கைக் கூட்டும், உயர்ந்தால் வெறுமை என்று குறைக்கும். பின்பக்கம் உயர்த்திய லொறியில் இந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், சுமை நிரம்பியிருக்கும்போதும் பின் பிரேக் போதியளவு பிடிக்காது. கராஜில் இதைக் கேட்டு வாங்குங்கள். பலர் அந்தக் கம்பியைக் கழற்றிக் கம்பியால் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

வேலை முடிந்ததும் முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையானால் நடுப் போல்ட் தன் குழியில் உட்காரவில்லை, அல்லது முறிந்திருக்கிறது. அப்படிப்பட்ட லொறி நண்டு போல் ஓடி ரயரைத் தின்னும். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை இழுபட்டவை மீண்டும் அதே இறுக்கத்தைத் தரா. லொறி சில்லில் நிற்கும்போது நான்கு நட்டுகளையும் குறுக்கு முறையில் சிறிது சிறிதாக இறுக்கி, முதற் சுமை போய் வந்ததும் மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கலை மறந்த லொறிகளில்தான் நடுப் போல்ட் முறிகிறது.

அந்தக் குழுவின் லொறிக்கு முன் ஸ்பிரிங் இரண்டையும் சோடியாக மாற்றினோம். வாங்கிய தகடு இன்னும் பாவிக்காமல் ஒரு வீட்டு வேலியோரம் கிடக்கிறது. சாரதிக் கதவின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ரால் நான்கு அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன: முன் 21.5, 21.5, பின் 24, 24.5. ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் அளவுநாடா பிடித்து அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குழுவில் உள்ள ஓர் அக்காவின் பொறுப்பு. அவர் லொறி ஓட்டுபவர் அல்லர். மூடைகளின் மேல் ஏறிப் போய் வருபவர்.