நீக்கிய ஃபைல் ஏன் திரும்பி வருகிறது?

அன்புள்ள ஐயா,

எச்சரிக்கைப் பெட்டியில் வந்த வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் "வைரஸ்னு ஏதோ வருது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் பெயர், ஃபைல் இருக்கும் இடம், எச்சரிக்கை வரும் நேரம் மூன்றையும் குறித்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. இதே தொல்லை எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இந்தப் பதிலை எழுதுகிறேன்.

உங்கள் மடிக்கணினி 2019இல் வாங்கியது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டதால் கடையில் எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அன்று முதல், திறந்த சில நிமிடங்களில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் எச்சரிக்கிறது. 'ரிமூவ்' அழுத்தினால் பச்சை டிக் விழுகிறது. மறுநாள் காலை அதே பெயர், அதே ஃபைல். கடைத் தம்பியிடம் கேட்டால், "அது சும்மா கத்தும் சார், எக்ஸ்க்ளூஷன்ல போட்டுடுறேன்" என்கிறார். நீங்கள் சம்மதிக்கவில்லை. ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கும் கணினி என்பதால் தயங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கம் சரியானது, அதை விடாதீர்கள்.

ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடம் ஒன்று, ஓடு உடைந்த இடம் வேறொன்று. டிஃபெண்டர் உங்களுக்குக் காட்டுவது சொட்டும் இடத்தை. நீங்கள் தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாம் தேட வேண்டியது அந்த ஃபைலைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாட்டை.

எச்சரிக்கையில் வந்த பெயர் 'ஹேக்டூல்: வின்32/ஆட்டோகேஎம்எஸ்'. வாயில் நுழையாவிட்டாலும் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வைரஸ் ஆய்வாளர்கள் 1991இல் வகுத்த பெயரிடும் முறையைத்தான் மைக்ரோசாஃப்ட் இன்றும் பின்பற்றுகிறது. முதலில் வருவது வகை, அடுத்தது எந்த இயங்குதளத்தில் ஓடும் என்பது, சாய்கோட்டுக்குப் பின் வருவது குடும்பப் பெயர். 'ட்ரோஜன்' என்று தொடங்கினால் நல்லதுபோல நுழைந்து கெடுதல் செய்வது என்று பொருள். 'பியூஏ' என்றால் தொல்லை தரும் வேண்டாத மென்பொருள். உங்களுடையது ஹேக்டூல், அதாவது பூட்டை உடைக்கும் கருவி. எந்தப் பூட்டை என்பதைக் கேஎம்எஸ் என்ற மூன்று எழுத்தே சொல்லிவிடுகிறது.

பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லைசென்ஸ் எண்ணைப் போட முடியாது. அதற்காக மைக்ரோசாஃப்ட் கொடுத்த வசதிதான் கேஎம்எஸ். அலுவலகத்துக்குள் ஒரு சர்வர் இருக்கும், மற்ற கணினிகள் அதனிடம் கேட்டு ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகள் கேட்டால்தான் அந்தச் சர்வர் விண்டோஸுக்கு அனுமதி கொடுக்கும். கொடுத்த அனுமதி 180 நாள் வரைதான் செல்லும். 7 நாளுக்கு ஒருமுறை கணினி தானாகவே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும்.

கடைகளில் பென்டிரைவில் சுற்றும் ஆக்டிவேட்டர் செய்வது என்னவென்றால், உங்கள் மடிக்கணினிக்குள்ளேயே ஒரு பொய்யான அலுவலகச் சர்வரை நிறுத்தி, விண்டோஸை நம்ப வைப்பது. ஆனால் 180 நாள் கெடு இருக்கிறதே. ஒருமுறை ஏமாற்றினால் போதாது, ஏமாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக 'டாஸ்க் ஷெட்யூலர்' என்ற விண்டோஸின் வேலை அட்டவணையில் ஒரு வேலையை எழுதிவைத்துவிடுகிறது. சில ஆக்டிவேட்டர்கள் பின்னணியில் ஓடும் சர்வீஸ் ஒன்றையும் சேர்த்து வைக்கும். டிஃபெண்டர் ஃபைலை நீக்கிவிடுகிறது. நீங்கள் லாகின் செய்ததும் மிச்சமிருக்கும் அந்த ஏற்பாடு ஃபைலைத் திரும்பக் கொண்டுவருகிறது. டிஃபெண்டர் மறுபடி பிடிக்கிறது. 'ரிமூவ்' பட்டனை ஆயிரம் தடவை அழுத்தினாலும் இந்தச் சுற்று நிற்காது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். நீங்கள் ஓய்வுபெற்றவர், இது வீட்டுக் கணினி, இதற்கு ஏது நிறுவனம்? அந்த ஒரு வரி போதும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலர் என்று தேடித் திறந்து, இடப்பக்கம் 'டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி'யை அழுத்துங்கள். பட்டியலில் 'லாஸ்ட் ரன் டைம்' என்று ஒரு பத்தி இருக்கும். நீங்கள் குறித்து வைத்த எச்சரிக்கை நேரத்தையும் அந்தப் பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிடம் முன்பின்னாக எந்த வேலை ஓடியிருக்கிறதோ அதன் மேல்தான் முதல் சந்தேகம். திரும்பத் திரும்ப வரும் எந்தப் பிழைக்கும் நேரத்தைப் போன்ற சாட்சி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். லாகின் ஆனதும் வந்தால் ஒரு காரணம், பென்டிரைவ் செருகியதும் வந்தால் வேறு காரணம், பிரௌசரைத் திறந்ததும் வந்தால் இன்னொன்று. சந்தேகத்துக்குரிய வேலையை உடனே அழிக்காதீர்கள். வலது கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுத்து, ரீஸ்டார்ட் செய்து, எச்சரிக்கை நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும். அந்த லைப்ரரியின் கீழே மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் கைவைக்க வேண்டாம், விண்டோஸின் சொந்த வேலைகள் அங்கேதான் இருக்கின்றன.

டிஃபெண்டர் தன் நாட்குறிப்பையும் எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர், ஆபரேஷனல் என்று படிப்படியாக உள்ளே போனால் அது கிடைக்கும். அதில் 1116 என்ற எண் வந்தால் ஏதோ பிடிபட்டது, 1117 என்றால் நடவடிக்கை எடுக்கப்பட்டது. நான் எப்போதும் முதலில் தேடுவது 5007ஐ. டிஃபெண்டரின் அமைப்பு ஏதாவது மாறினால் அந்த எண் பதிவாகும். சாதாரண மாற்றங்களுக்கும் வரும் என்பதால் பதற வேண்டாம். நீங்கள் செய்யாத ஓர் எக்ஸ்க்ளூஷன் அதில் தெரிந்தால் மட்டும் கவனியுங்கள்.

எக்ஸ்க்ளூஷன் என்பது ஆன்டிவைரஸுக்கு "இந்த ஃபோல்டர் பக்கம் போகாதே" என்று சொல்லிவைப்பது. ஆக்டிவேட்டரை ஓட்டுமுன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அல்லது அதுவே ஓர் எக்ஸ்க்ளூஷனைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் காவல் இல்லாத ஃபோல்டருக்குள் பிறகு வேறு எது வந்து உட்கார்ந்தாலும் ஒரு சத்தமும் வராது. கடைத் தம்பி கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. வேலை முடிய வேண்டும், நீங்கள் திரும்பி வரக்கூடாது என்பது அவர் கவலை. ஆனால் அவர் சொன்ன வழியில் எச்சரிக்கை மட்டும்தான் போகும். இந்தக் கருவிகளின் கூடவே என்ன வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் உலவிய ஆக்டிவேட்டர் ஒன்றோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் ஒட்டிக்கொண்டு வந்ததை எடுத்துக்காட்டியது. பிரௌசரில் சேமித்து வைத்திருக்கும் கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது அதன் வேலை. ஆக்டிவேட்டரும் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆகவே இன்றே, இந்த மடிக்கணினியில் அல்லாமல் உங்கள் மொபைலிலிருந்து, வங்கியின் கடவுச்சொல்லையும் ஈமெயில் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். ஈமெயிலில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருக்கிறது, அதையும் செய்யுங்கள். கணக்கில் நீங்கள் அறியாத பணப் பரிமாற்றம் எதையாவது கண்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது இணையப் பண மோசடிகளுக்காக அரசு நடத்தும் உதவி எண்.

உங்களைப் போன்றே எழுதும் மற்றவர்களுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். வலது கீழ் மூலையில் தோன்றும் "உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது" என்ற அறிவிப்பு பல வீடுகளில் ஆன்டிவைரஸிலிருந்து வருவதே இல்லை. எப்போதோ ஓர் இணையதளத்தில் 'அலோ' கொடுத்திருப்பீர்கள், அந்தத் தளம் பிரௌசர் வழியாக அனுப்புகிறது. அறிவிப்பில் பிரௌசரின் பெயரோ தள முகவரியோ பொடி எழுத்தில் இருக்கும். பிரௌசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் போதும். அதில் வரும் போன் எண்ணை மட்டும் ஒருபோதும் அழைக்காதீர்கள்.

தினமும் காலையில் 'அப்டேட் ஃபெயில்டு' என்று வரும் பழைய டெஸ்க்டாப்களில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்டேட் தரும் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்று கணினி நினைத்து, இணைப்பை மறுத்துவிடும். பேட்டரியை மாற்றினால் ஆன்டிவைரஸ் பிழையும் போய்விடும். புது மடிக்கணினியோடு வந்த சோதனை ஆன்டிவைரஸ் காலாவதியாகியும் நீக்கப்படாமல் கிடந்தால், அதுவும் டிஃபெண்டரும் ஒன்றோடொன்று மோதி நச்சரிக்கும். அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைக் கொண்டு முழுதாக எடுத்துவிடுவது நல்லது.

ஆன்டிவைரஸே தவறு செய்வதும் உண்டு. 2022 செப்டம்பர் 4, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று குரோம், எட்ஜ், டிஸ்கார்ட் போன்றவற்றைத் திறக்கும்போதெல்லாம் 'பிஹேவியர்: வின்32/ஹைவ்.இசட்ஒய்' என்று டிஃபெண்டர் எச்சரித்துக்கொண்டே இருந்தது. உலகம் முழுக்கப் பயந்துபோனார்கள். தவறு டிஃபெண்டரின் அன்றைய அப்டேட்டில் இருந்தது, மைக்ரோசாஃப்ட் விரைவிலேயே வேறொரு அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது. நீங்கள் நன்றாக அறிந்த மென்பொருள் ஒருநாள் திடீரென்று மாட்டிக்கொண்டால், அப்டேட் செய்துவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்க்கலாம். சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபது வரையிலான ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று தெரியும். ஆனால் அங்கே ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் பலவும் பார்க்க முடியும். ஆதார் நகல், பாஸ்புக் படம் போன்றவற்றை அங்கே ஏற்றவே கூடாது.

இனி உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். டாஸ்கை நிறுத்தி, எக்ஸ்க்ளூஷன்களை நீக்கி, டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுமுன்னே சுமார் 15 நிமிடம் தேடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒளிந்துகொள்ளும் ஃபைல்கள் அப்போது அகப்படும். ஆக்டிவேட்டர் போன பிறகு, நாளாவட்டத்தில் திரையின் மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து வரலாம், பின்னணிப் படத்தை மாற்ற முடியாமல் போகலாம். உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் என் யோசனை வேறு. 2019இல் வாங்கிய பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் விண்டோஸ் 10 ஹோம் என்று இருந்தால், அந்த லைசென்ஸுக்கு நீங்கள் அன்றே காசு கொடுத்துவிட்டீர்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே மடிக்கணினி நிறுவனங்கள் லைசென்ஸ் எண்ணை மதர்போர்டிலேயே பதித்துத்தான் விற்கின்றன. ஹார்ட் டிஸ்க் போனாலும் அது போகாது. பல கடைகளில் எல்லாக் கணினிக்கும் ஒரே பென்டிரைவிலிருந்து 'ப்ரோ' பதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் எண் ஹோம் பதிப்புக்கானது என்பதால் அது ப்ரோவைத் திறக்காது, உடனே ஆக்டிவேட்டரைத் தேடுகிறார்கள். உங்களுக்குச் சொந்தமான சாவி உள்ளேயே இருக்க, கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த வருத்தம்.

ப்ரோவிலிருந்து ஹோமுக்கு அப்படியே இறங்க வழியில்லை, புதிதாகத்தான் போட வேண்டும். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் நிறுவும் ஃபைல்களை மட்டும் எடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்தது 8 ஜிபி உள்ள காலி பென்டிரைவ் ஒன்று போதும். அதிலிருந்து போட்டால் மதர்போர்டில் உள்ள எண்ணைப் பார்த்து ஹோம் பதிப்பையே தேர்ந்தெடுத்து, இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதனால் உங்கள் மடிக்கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' கருவியை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஏற்குமானால் அதையே போடலாம். பழைய ஹோம் லைசென்ஸ் அதற்கும் செல்லும்.

இதைக் கடையில் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், நீங்கள் தயாரித்த பென்டிரைவைக் கையோடு கொண்டுபோய், "இதிலிருந்து மட்டும் போடுங்கள், ஹோம்தான் வேண்டும்" என்று சொல்லுங்கள். கடையின் பென்டிரைவிலிருந்தே மறுபடி போட்டால் அந்த ஆக்டிவேட்டரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். முடிந்ததும் ஆக்டிவேஷன் பக்கத்தைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். நிறுவனம் என்ற சொல் அதில் இருக்கக்கூடாது, டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்க வேண்டும்.

அதன் பிறகும் எச்சரிக்கை வந்தால், முன்போலவே பெயர், இடம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். உடனே பதில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் கணினிப் பகுதி எழுத்தாளர்